கல்விக்கடனைத் தள்ளுபடி செய்தால், ஒழுங்காகக் கட்டி முடித்தவர்கள் ஏமாளிகளா?

கேள்வியைப் படித்ததுமே தெரிகிறது, நீங்களும் கட்டி முடித்தவர்தான். பாக்கி இருப்பவர் இப்படிக் கேட்கமாட்டார், "தள்ளுபடி எப்போ வரும்?" என்றுதான் கேட்பார். நானும் உங்கள் கட்சிதான். 60 தவணை, ஒன்றுகூடத் தவறியதில்லை. 2020 ஜூனில் நோ டியூ சான்றிதழ் கைக்கு வந்தது.

கடைசித் தவணைகள் விழுந்தது ஊரடங்குக் காலத்தில். விருப்பப்பட்டால் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. வட்டி ஏறுமே என்ற பயத்தில் கட்டிவிட்டேன். மறுவருடம் பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். மார்ச்சில் வந்த தி.மு.க. தேர்தல் அறிக்கையில் கல்விக்கடன் தள்ளுபடியும் இருந்தது. டிவி முன்னால் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வருசம் இழுத்திருந்தா என்னடி?" என்றாள். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அன்றைக்கு இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால், ஆமாம், ஏமாளிதான் என்று எழுதியிருப்பேன்.

பிறகுதான் யோசித்தேன். கூட்டுறவுச் சங்கம் மாநில அரசின் கைக்குள் இருப்பது. நம் கல்விக்கடன் பெரும்பாலும் தேசிய வங்கிகளில். மாநில அரசு தள்ளுபடி என்று சொன்னால், அந்தப் பணத்தை வங்கிக்கு எண்ணிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மாணவர் கடனைக் கொடுத்ததே மத்திய அரசு. அங்கேயே 2022 ஆகஸ்டில் அப்போதைய அதிபர் பைடன் ஆளுக்கு 10,000 டாலர் வரை, பெல் உதவித்தொகை வாங்கிய ஏழை மாணவர்களுக்கு 20,000 டாலர் வரை தள்ளுபடி என்று அறிவித்ததை, 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று ரத்து செய்தது. நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தை உங்களுக்குக் கொடுக்கவில்லை என்றது. கடன் கொடுத்தவரே விட்டுவிடுகிறேன் என்றும் நடக்கவில்லை. நம்மூர் அறிக்கையைப் பார்த்து அம்மா கத்தியைக் கீழே வைத்திருக்கவே வேண்டாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2010-ல் பொறியியல் சேர்ந்தேன். வருடத்துக்கு 60,000 வீதம் நான்கு வருடம், மொத்தம் 2,40,000 ரூபாய் கடன். நான்கு லட்சத்துக்குள் என்பதால் சொத்து ஜாமீன் கேட்கவில்லை. அப்பா கூட்டுக் கையெழுத்துப் போட்டார். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் கட்ட வேண்டாம், ஆனால் 12.5 சதவீத வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 2015-ல் கட்ட ஆரம்பித்தபோது கணக்கில் 3,45,000 நின்றது. மாதத் தவணை 7,760. என் முதல் சம்பளம் 11,000. மீதியைக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2018-ல் ஆபீஸில் டீ குடிக்கும்போது ஒரு தோழி சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்குப் படிச்ச காலத்து வட்டியே கிடையாதே, கவர்மென்ட் கட்டிடுச்சே." 2009-10 கல்வியாண்டிலிருந்தே மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஒரு வருடத்துக்கும் முழு வட்டியும் அரசு தரும். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த என் அப்பாவின் வருமானம் அதில் கால்வாசிகூட இல்லை.

அரை நாள் லீவு போட்டுக் கிளைக்குப் போனேன். வங்கி பெயர் வேண்டாம். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போயிருந்தார். நல்ல மனசுள்ள ஒரு கிளார்க் என் ஃபைலைத் தேடி எடுத்துவந்தார். நடுவில் என் வருமானச் சான்றிதழ். தாசில்தாரின் பச்சை மைக் கையெழுத்து அப்படியே இருக்கிறது. குண்டூசி துருப்பிடித்து, ஒரு செம்மண் வட்டம் அடுத்த தாள் வரைக்கும் இறங்கியிருந்தது. 2010-ல் நான் கொடுத்த நாளில் செருகிய ஊசி. அதற்குப் பிறகு அந்தத் தாளை யாரும் எடுக்கவில்லை. மானியம் கேட்டு வங்கி க்ளெய்ம் அனுப்பவேயில்லை. "அந்த வருசக் கணக்கெல்லாம் மூடியாச்சும்மா" என்றார் புது மேனேஜர். கணக்கு எளிது: படிப்புக்கால வட்டி 1,05,000. அது இல்லாதிருந்தால் என் தவணை 5,400.

எனக்கு வரவேண்டிய மானியத்தையே கேட்டு வாங்கத் தெரியாதவள், அடுத்தவனுக்குத் தள்ளுபடி கிடைப்பதைப் பார்த்து எரிவதில் என்ன நியாயம்? என் எரிச்சல் போகவேண்டிய விலாசம் அந்தக் குண்டூசி.

"அப்போ கட்டாதவன் புத்திசாலியா?" என்று கேட்பீர்கள். சித்தி மகன் ஒருவன் இருக்கிறான். மூன்று லட்சம் வாங்கினான். 2021 தேர்தல் அறிக்கையை நம்பித் தவணையை நிறுத்தினான். வாராக்கடன் ஆனது. கடைசியில் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் 1,80,000-க்குப் பேசி முடித்தார்கள், அசலைவிடக் குறைவு. ஒரு காதுகுத்து விருந்தில் பந்தி நடுவே சத்தமாகக் கேட்டான்: "நீ எதுக்குக்கா லூசு மாதிரி முழுசாக் கட்டின?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் மீதியைச் சொன்னான். வசூல் ஆட்கள் அவனுக்கு மட்டும் போன் செய்யவில்லை, பக்கத்து வீட்டுக்கும் செய்தார்கள். கூட்டுக் கையெழுத்துப் போட்ட பாவத்துக்குச் சித்தப்பாவுக்கு மாட்டுக்கடன் கிடைக்கவில்லை. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'க்ளோஸ்டு' (முழுசாகக் கட்டியது) என்று வராது, 'செட்டில்டு' (குறைத்துப் பேசி முடித்தது) என்றுதான் நிற்கும். பைக் லோன்கூடத் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். பந்தியில் இதைச் சொல்லமாட்டான், இல்லையா.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். 2017-ல் எனக்கு வரன் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தி, காபி குடித்து, பூ வைக்கும் தேதி வரை பேசிவிட்டுப் போனவர்கள், தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள்: "பொண்ணு சம்பளத்துல பாதி லோனுக்குப் போகுதாமே, அடைச்சுட்டுச் சொல்லுங்க." அந்த மாப்பிள்ளைக்குக் கார் லோன் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. ஆண் வாங்கினால் வசதி, பெண் வாங்கினால் கடன். இதை எந்த அரசு தள்ளுபடி செய்யும் என்று தெரியவில்லை.

"வாங்கின கடனைக் கட்டத்தானே வேண்டும், என் வரிப்பணம்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: ஐயா, நானும் கட்டினவள், ரசீது பீரோவில் இருக்கிறது. எல்லோருக்கும் முழுத் தள்ளுபடி என்று நான் கேட்கவில்லை. நல்ல சம்பளத்தில் இருப்பவருக்கும் சேர்த்துக் கொடுப்பது எனக்கும் உடன்பாடில்லை. வேலை கிடைக்காதவனிடம் படிப்புக்கால வட்டியைப் பிடுங்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். அசலை அவன் கட்டட்டும், நேரம் கொடுங்கள். நான் கட்டியது திரும்பி வராது. அதற்காக அடுத்தவனும் 7,760 கட்டினால்தான் என் மனசு ஆறும் என்றால், கோளாறு என் மனசில்.

அந்தச் சித்தி மகனின் தங்கை இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம், கடனில்தான். போன மாதம் அவளோடு வங்கிக்குப் போனேன். வட்டி மானியத்துக்கு இந்த வருட க்ளெய்ம் போய்விட்டதா என்று கேட்டேன். "போயிருக்கும்மா" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். போயிருக்கும் என்றால் எனக்குப் போதாது, காட்டுங்கள் என்று நின்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது, அந்தப் பெண் வெட்கத்தில் என் துப்பட்டாவை இழுத்தாள். பத்து நிமிடம் கழித்து மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். அவள் பெயர் இருந்தது.