செயின் சா எகிறுகிறதா? முதலில் அரத்தை எடுங்கள்

கேள்வி: வணக்கமுங்க. எங்களுக்குக் கிணத்துக்கடவு பக்கம் தென்னந்தோப்பு. வாடல் நோயில் போன மரங்களை நாமே வெட்டிக்கொள்ளலாம் என்று 18 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) வைத்த பெட்ரோல் செயின் சா ஒன்று வாங்கினேன். முதல் இரண்டு மரத்தை வாழைத்தண்டு மாதிரி அறுத்தது. அப்புறம் அரை மரத்துக்கே மழுங்குகிறது. தூள்தூளாக வருகிறது, அறுப்பும் வலது பக்கமாக வளைந்து போகிறது. ஒரு பட்டறையில் கூர் பிடித்து வாங்கினேன், அதிலிருந்து மிஷின் உதறுகிறது. போன வாரம் கீழே கிடந்த மரத்தைத் துண்டு போடும்போது முகத்தை நோக்கி எகிறிவிட்டது, மயிரிழையில் தப்பினேன். மிஷின் கோளாறுங்களா? தினமும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: நல்லவேளை, அடிபடாமல் தப்பினீர்கள். இதைப் படித்து முடித்து, செயினைச் சரிசெய்கிற வரைக்கும் அந்த மிஷினைத் தொட வேண்டாம். தூள், வளைவு, உதறல், எகிறல் என்று நான்கு குறை சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எஞ்சினில் குறை தெரியவில்லை. நான்கும் செயினிலிருந்துதான் வருகின்றன. பண்ணை மிஷின்களைப் பழுது பார்க்கிற இத்தனை வருடத்தில், எகிறிவிட்டது என்று என்னிடம் வந்த செயின் சாக்களில் பெரும்பாலானவற்றில் பல் மழுங்கித்தான் இருந்தது.

செயினைக் கழற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். வெட்டும் பற்கள் ஒன்று வலம், ஒன்று இடம் என்று மாறி மாறி இருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் காளையின் திமில் மாதிரி சின்ன மேடு ஒன்று உண்டு. பட்டறையில் ரேக்கர் என்பார்கள். பல் ஒரு சுற்றில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளவு வைப்பது அந்த மேடுதான். பல்லின் நுனியைவிட மேடு சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் சரியான கடி. கூராக இருக்கும்போது மரத்திலிருந்து சீவல் சீவலாக வரும். தூளாக வந்தால் பல் வெட்டவில்லை, தேய்க்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் நம் கை தானாகவே மிஷினை அழுத்த ஆரம்பிக்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கூரான செயின் மிஷினின் சொந்தக் கனத்திலேயே இறங்கும், அழுத்தவே வேண்டியதில்லை.

தென்னையில் இவ்வளவு சீக்கிரம் மழுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வேம்பு, புளி போன்ற மரங்களில் நடுவில்தான் வைரம். தென்னையில் தலைகீழ். முற்றிய மரத்தில் வெளிச்சுற்று இரும்பு மாதிரி, நடு சோறு மாதிரி. போதாததற்கு, மட்டை விழுந்த வடுக்களில் வருடக்கணக்காகப் புழுதி சேர்ந்திருக்கும். சாய்த்த மரத்தின் அடிப்பக்கம் முழுக்க மண். முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு நொடி மண்ணைத் தொட்டாலும் கூர் போய்விடும். அதனால் அறுக்கும் இடத்தை முதலில் கம்பித் தூரிகையால் தேய்த்துவிடுங்கள். தரையில் கிடக்கும் மரத்தை ஒரே அறுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். முக்கால் பங்கு அறுத்து, கடப்பாரையால் புரட்டி, மீதியை மேலிருந்து அறுத்தால் செயின் மண்ணையே பார்க்காது.

அறுப்பு வளைவது ஏன்? எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கப் பற்கள் கூராகவும் நீளமாகவும் இருக்கும், எதிர்ப்பக்கப் பற்கள் மழுங்கியோ குட்டையாகவோ இருக்கும். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் அரம் போடுவது லகுவாகவும் மறுபக்கம் இடக்காகவும் இருப்பதால் இது சகஜம். பற்களைச் சமப்படுத்திய பிறகும் வளைந்தால் பார் தேய்ந்திருக்கிறது. பாரின் இரண்டு விளிம்பும் சம உயரமா என்று ஒரு தட்டையான கண்ணாடி மேல் நிறுத்திப் பாருங்கள்.

உதறல் விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையில் கை கிரைண்டரில் பிடித்து, நன்றாகக் கடிக்கட்டும் என்று மேட்டையும் சேர்த்துத் தேய்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். மேடு அதிகம் தாழ்ந்தால் பல் அளவுக்கு மீறிக் கடிக்கும், மிஷின் பிடித்துப் பிடித்து இழுக்கும், எகிறும் வேகமும் கூடும். அளவுத் தகடு ஒன்று கடையில் கிடைக்கும். அதை வைத்துப் பாருங்கள். மேடு ரொம்பத் தாழ்ந்திருந்தால், அல்லது பல் சூட்டில் நீலம் பாரித்திருந்தால், அந்தச் செயினுக்கு விடை கொடுத்துவிடுங்கள். ஒரு செயினின் விலை காயத்துக்கு ஒரு தையல் போடும் செலவுக்கு வராது.

இனி எகிறல். பாரின் மூக்கில், அதாவது முனையில், மேல் கால்வட்டப் பகுதி எதிலாவது முட்டினால் மிஷின் முழுவதும் மேலே சுழன்று நம் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், பிறகு சுதாரிக்க நேரமே கிடையாது. ஒரு துண்டை அறுக்கும்போது மூக்கு பின்னால் கிடந்த இன்னொரு துண்டிலோ மட்டையிலோ தொட்டிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. செயின் மழுங்கி நீங்கள் அழுத்திக்கொண்டிருந்தபோது மூக்கு எங்கே போகிறது என்று கவனிக்க முடியாமல் போயிருக்கும். அறுக்கும் முன் சுற்றியுள்ள மட்டை, துண்டு எல்லாவற்றையும் இழுத்துப் போடுங்கள். இடது கையின் கட்டை விரல் முன்கைப்பிடியை முழுதாகச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். உடம்பு பாரின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று இடப்பக்கம் விலகி நிற்கட்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுப்பது, ஏணியில் நின்று அறுப்பது, ஒரு கையால் அறுப்பது இந்த மூன்றையும் யார் செய்தாலும் தடுங்கள்.

முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்புதான் செயின் பிரேக். தினமும் வேலை தொடங்கும் முன் மிஷினைத் தரையில் இரண்டு கையாலும் பிடித்து ஒரு கணம் முறுக்கி (விசையை அழுத்தி வேகம் கூட்டி), இடது மணிக்கட்டால் அந்தத் தடுப்பை முன்னால் தள்ளுங்கள். செயின் டக்கென்று நிற்க வேண்டும். தென்னை நார் கிளட்ச் மூடிக்குள் பஞ்சாக அடைந்துகொள்ளும், பிரேக் பட்டை பிடிக்காமல் போவதற்கு அதுவே பெரிய காரணம். தினமும் மூடியைக் கழற்றித் தூரிகையால் நாரை எடுத்துவிடுங்கள். முறுக்காமல் சும்மா ஓடும்போது செயின் சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடில் திருகைச் சரிசெய்யாமல் வேலைக்குப் போகாதீர்கள்.

அரம் போடுவதை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். இதற்கு மாற்று இல்லை. பாரின் மேலேயே செயினின் அளவு பொறித்திருக்கும். .325 என்றிருந்தால் 4.8 மி.மீ. உருண்டை அரம், சின்ன மிஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் என்றால் 4 மி.மீ. கையுறை போட்டு, பாரை மரக்கட்டையில் அசையாமல் இறுக்கி, பெரும்பாலான செயின்களுக்குச் சொல்லப்படும் 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளுங்கள். இழுக்கும்போது அரம் பல்லில் படக் கூடாது. அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும். பல்லுக்கு மூன்று தள்ளு போதும், எல்லாப் பல்லுக்கும் அதே எண்ணிக்கை. முதல் பல்லில் மை தடவி அடையாளம் வைத்தால் சுற்று தப்பாது. ஒரு பக்கம் முடித்து, மிஷினைத் திருப்பி வைத்து மறுபக்கம். பற்களின் நீளம் மாறியிருந்தால் நீளமானவற்றுக்கு மட்டும் கூடத் தள்ளி, எல்லாப் பல்லையும் மிகக் குட்டையான பல்லின் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். மேட்டைத் தட்டை அரத்தால் சரிசெய்வது மூன்று நான்கு முறை கூர் போட்ட பின் ஒரு தடவை போதும். ஒவ்வொரு டேங்க் பெட்ரோலுக்கும் ஒருமுறை அரம் போடுங்கள், பத்து நிமிட வேலை. மழுங்கினால் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் தப்பு.

எண்ணெய் விஷயத்தில் நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு, எனக்கு அதில் கோபமே உண்டு. டிராக்டரில் வடித்த கரி ஆயிலைச் செயினுக்கு ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, பாரையும் பம்பையும் தின்னும். செயின் அதை நம் துணியிலும் தோலிலும் மூச்சிலும் தெளிக்கிறது, உடம்புக்குக் கேடு. பார் ஆயில் என்றே தனியாக விற்கிறார்கள். அது கிடைக்காத அன்றைக்குப் புதிய எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள், பழையதை மட்டும் வேண்டாம். ஆயில் வருகிறதா என்று பார்க்க, மூக்கை ஒரு வெள்ளைத் தாளுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து முறுக்குங்கள், மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

பெட்ரோலுக்கு, மிஷின் கையேடு 50:1 என்று சொன்னால் லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்), 25:1 என்றால் 40 மி.லி. கண் அளவில் ஊற்றாதீர்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரையும் கெடுக்கும். ஆகவே அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, ஓடி நிற்கும் வரை ஓட விடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள், ஊற்றிய இடத்திலிருந்து நான்கு எட்டு தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

செயின் இறுக்கம்: எஞ்சினை நிறுத்தி, ஆறிய நிலையில் பார்க்க வேண்டும். பாரின் அடியில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும், கையுறையோடு இழுத்தால் தடையில்லாமல் நகரவும் வேண்டும். சூட்டில் செயின் நீளும். அப்போது இறுக்கியதை அப்படியே விட்டுவிட்டால் ஆறும்போது சுருங்கி பாரையும் கிராங்க்கையும் (எஞ்சினின் சுழல் தண்டு) நெருக்கும், மாலையில் தளர்த்திவிடுங்கள். கூர் போடும்போதெல்லாம் பாரைத் தலைகீழாக மாற்றிப் போட்டால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும்.

கிடந்த மரத்தைத் துண்டு போடும்போது அது எப்படித் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் மேட்டில், நடு அந்தரத்தில் என்றால் மேற்பக்கம் நெருங்கியும் அடிப்பக்கம் விரிந்தும் இருக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் முறை மாறும், முதலில் கீழே, பிறகு மேலே. கீழிருந்து அறுக்கும்போது மிஷின் நம்மை நோக்கித் தள்ளும், காலை அகற்றி ஊன்றிக்கொள்ளுங்கள்.

நிற்கும் மரத்தைச் சாய்ப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தென்னையில் மற்ற மரங்களைப் போல், சாயும்போது கதவின் கீல் மாதிரி நின்று தாங்கும் கட்டை இல்லை. நடு சோறாக இருப்பதால் முன்வெட்டும் பின்வெட்டும் கணக்காகப் போட்டாலும் கடைசி நேரத்தில் திரும்பக்கூடும். தேங்காய், மட்டை எல்லாவற்றையும் முதலில் இறக்குங்கள். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. கயிறு பிடிப்பவரும் அதற்கு வெளியே நிற்கும்படி நீளமான கயிறாக வையுங்கள். சாயும் திசைக்கு எதிரே, சாய்வாகப் பின்னால் ஓடும் தடத்தை முன்கூட்டியே சுத்தம் செய்யுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் வைகாசியில் ஆரம்பித்து ஆவணி வரை விடாது. கொண்டை காற்றை வாங்கினால் அது சொன்ன திசையில்தான் மரம் விழும். அந்த மாதங்களில் காலை ஏழு மணிக்குள் காற்று இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள், இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள். மின்கம்பி அருகில் நிற்கும் மரம், கூன்வண்டு துளைத்து உள்ளே பொந்தாகிப் போன மரம் இரண்டையும் நீங்கள் தொட வேண்டாம். முன்னதற்கு மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகு, பின்னதற்குப் பழகிய ஆட்களை வைத்து.

சாய்த்த தண்டைத் தோப்பிலேயே மக்க விட்டால் காண்டாமிருக வண்டுக்கும் கூன்வண்டுக்கும் அதுவே கூடாகும், சீக்கிரம் அப்புறப்படுத்துங்கள். அப்புறம், வரப்பில் நிற்கும் பனையை இந்த ஜோரில் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள்.

லுங்கியும் செருப்புமாக இந்த வேலைக்குப் போகாதீர்கள். வலைமூடி வைத்த ஹெல்மெட், காதடைப்பு, முனை தடித்த பூட்ஸ், முடிந்தால் தொடைக்குச் செயின் சா மேலுறை. அந்த மேலுறையின் நார்கள் செயினில் சிக்கி மிஷினை நிறுத்திவிடும்படி செய்தவை. மிஷினின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதடைப்பு இல்லாமல் ஒரு நாள் ஓட்டினால் இரவெல்லாம் காது இரையும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: புதிய செயின் ஒன்று, 4.8 அல்லது 4 மி.மீ. அரம் இரண்டு, அளவுத் தகடு ஒன்று, பார் ஆயில் ஒரு லிட்டர் வாங்குங்கள். செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள், பள்ளம் விழுந்திருந்தால் புதுச் செயினோடு அதையும் மாற்றுங்கள். பழைய செயினைத் தூக்கிப் போடாமல் ஒரு வாரம் அதன்மேல் அரம் போட்டுப் பழகுங்கள். பாடம் அதில் படியட்டும், புதுச் செயினில் வேண்டாம். மரத்தை அறுக்கும்போது கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் இருக்கட்டும், அவர் கையில் போன் இருக்கட்டும்.