மீன் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறிச் சட்டி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கருங்கல் பக்கம் எங்கள் வீடு. சென்ற ஆண்டிலிருந்து மீனும் இறைச்சியும் உண்பதை விட்டுவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை, மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். கணவர், மாமியார், பிள்ளைகள் எவருக்கும் மீன் இல்லாமல் சோறு இறங்காது. சமைப்பவள் நான் ஒருத்தி என்பதால் இரண்டு சமையலுக்கு நேரமில்லாமல், பல நாள்கள் மோரையும் ஊறுகாயையும் வைத்தே சாப்பாட்டை முடித்துக்கொள்கிறேன். இப்போது களைப்பும் முடி உதிர்வும் இருக்கின்றன. "மீனை விட்டதன் வினை" என்கிறார் மாமியார். அது உண்மையா?

பதில்: பாதி உண்மை. மீனை விட்ட எல்லோருக்கும் களைப்பு வருவதில்லை. மீன் இருந்த இடத்தில் வேறெதையும் வைக்காதவர்களுக்கு வரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாப்பாட்டில் இந்த ஆபத்து சற்று அதிகம். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் (1880–1885) திருவிதாங்கூரில் பரவலாக்கப்பட்ட மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) வயிற்றை நிரப்புமே தவிர, 100 கிராம் கிழங்கில் புரதம் ஏறக்குறைய 1 கிராம்தான். அந்தக் குறையை இத்தனை காலமும் ஈடுசெய்து வந்தது கூடவே வந்த சாளையும் நெத்திலியும்தான். மீனை மட்டும் எடுத்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது மாவுச்சத்து. மோரும் ஊறுகாயும் அந்த இடத்தை நிரப்பா.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும்; 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது சுமார் 46 கிராம். 50 கிராம் சிறுபயற்றில் 11 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். எனவே காலையில் கஞ்சியோடு பயறு, மதியம் பருப்போ கொண்டைக்கடலையோ, இரவில் காணத்துவையல் (கொள்ளுத் துவையல்), இடையில் பாலும் தயிரும் என்று அமைத்துக்கொண்டால் கணக்கு பெரும்பாலும் நேராகிவிடும். இவை எல்லாம் நம் வீடுகளில் எப்போதும் இருந்தவையே. மீன் கிடைத்த நாளில் ஓரமாக ஒதுங்கிக்கொண்டவை. இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரைத் துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்) நல்லது, ஆனால் அதோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால்தான் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டு எழுந்த கையோடு தேநீர் குடிக்கும் வழக்கம் அந்தப் பயனைக் கெடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள்.

பி12 வைட்டமின் தனிக் கதை. கீரையிலோ பயற்றிலோ அது கிடையாது. பால், தயிர், முட்டை ஆகியவற்றில் உண்டு. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாமல், சில ஆண்டுகள் கழித்துக் கை கால் மரத்துப்போவதில் தொடங்கி வெளிப்படும். பாலையும் விடுவதாக இருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரை கட்டாயம் தேவை. உங்கள் களைப்புக்கு இரத்தசோகையோ தைராய்டோ காரணமாக இருக்கலாம். அவ்விரண்டையும் பி12 அளவையும் பரிசோதித்துவிட்டுப் பிறகு மாமியாரிடம் வாதாடுங்கள்.

இனிச் சமையல். இரண்டு சமையல் என்று நினைப்பதால்தான் மலைப்பாக இருக்கிறது. மீன்கறிக்குத் தேங்காய், வத்தல்மிளகு (காய்ந்த மிளகாய்), மல்லி, மஞ்சள், சின்ன உள்ளி சேர்த்து அரைத்துப் புளி கரைத்து வைக்கிறீர்கள் அல்லவா, அதுவரை அந்தக் கறி மரக்கறிதான். மீனை இடுவதற்கு முன்பே அரைப்பில் ஒரு பங்கை வேறொரு சட்டியில் ஊற்றி, முருங்கைக்காயும் மாங்காயும், அல்லது முன்கூட்டியே வேகவைத்த சக்கைக்கொட்டையும் (பலாக்கொட்டை) போட்டுக் கொதிக்க விடுங்கள். கூடுதலாகத் தேவைப்படுவது ஓர் அடுப்பும் ஓர் அகப்பையும். அகப்பை முக்கியம், மீன் சட்டியில் கிளறியதையே எடுத்து உங்கள் சட்டியில் விட்டுவிட்டு, "தெரியாமல் நடந்துவிட்டது" என்று யாரும் சொல்லும்படி வைக்காதீர்கள். முந்தின இரவே பயறை ஊறவைக்கும் வேலையைக் கணவரிடம் ஒப்படைப்பதில் தவறில்லை. வீட்டில் நால்வருக்கு மீன் சமைத்துப்போடுகிறவருக்கு அந்த உதவி கூடக் கிடைக்கவில்லை என்றால், உணவைவிடப் பெரிய குறை அதுதான்.

கேள்வி: நாகர்கோவிலில் வசிக்கிறோம். பிளஸ் டூ படிக்கும் மகள் இறைச்சி உண்பதை நிறுத்திவிட்டாள். என் தாயார், கறித்துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் குழம்பை அவளுக்கு ஊற்றிக் "காய்கறிக் குழம்புதான்" என்கிறார். மகளுக்குத் தெரிந்து பெரிய சண்டையாகிவிட்டது. சிறுபெண்ணின் பிடிவாதத்துக்கு வீடு வளைந்துகொடுக்க வேண்டுமா?

பதில்: பாட்டியின் அன்பில் சந்தேகமில்லை, ஆனால் அவர் செய்தது ஏமாற்று. அடுத்த முறை உண்மையிலேயே காய்கறிக் குழம்பு வைத்தாலும் பேத்தி நம்பமாட்டாள்.

சபரிமலைக்கு மாலை போட்டவருக்காக 41 நாள்கள் சட்டி பானையைக் கழுவிப் புழங்குகிற வீடுகளும், தவக்காலத்தில் இறைச்சியைத் தள்ளிவைக்கிற வீடுகளும் நிறைந்த மாவட்டம் இது. அய்யா வைகுண்டரின் அன்பர்கள் துணி துவைத்து உடுத்து, மரக்கறி உணவே உண்டு நோற்ற துவையல் தவசின் மரபை இன்றும் போற்றும் சாமித்தோப்பு உங்கள் ஊரிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. வீட்டுப் பெரியவர் விரதம் என்றால் எவரும் பிடிவாதம் என்று சொல்வதில்லை. பதினேழு வயதுப் பெண் காரணம் சொல்லி நிறுத்தும்போது மட்டும் அந்தச் சொல் வந்துவிடுகிறது. முட்டை உண்பாளா என்று அவளிடமே கேளுங்கள். உண்பாள் என்றால் பாதிக் கவலை தீரும். மாதவிடாய்க் காலத்தில் இரும்புச்சத்து இழப்பு மிகுதி என்பதால், அவளுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கேள்வி: குளச்சலில் இருக்கிறேன். சைவத்துக்கு மாறியபின் மீன் வாடையே ஒவ்வாமல் போய்விட்டது. இனி வீட்டில் மீன் வாங்கக் கூடாது என்று மனைவியிடம் சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. மாறியவர் நீங்கள், மற்றவர்கள் அல்லர். குளச்சலில் இருந்துகொண்டு மீன் வாடையிலிருந்து தப்பவும் முடியாது. மீன் பொரிக்கும் அடுப்பை வெளிமுற்றத்துக்கு மாற்றித் தருவதும், அப்பளம் பொரிக்கத் தனி எண்ணெய் வைத்துக்கொள்வதும் உங்களால் முடிந்த காரியங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது மீன் விலை ஏறி, வீட்டாரே அவ்வப்போது மரக்கறிக்கு இறங்கி வருவார்கள். அந்த நாள்களில் அடுக்களைக்குள் போய், தேங்காயைக் கருகாமல் சிவக்க வறுத்து, நீங்களே ஓர் உள்ளித் தீயல் (வறுத்தரைத்த வெங்காயப் புளிக்குழம்பு) வைத்துப் பரிமாறுங்கள். வாங்கக் கூடாது என்ற உத்தரவைவிட அதற்கு வீட்டில் கூடுதல் மதிப்பு கிடைக்கும்.