காய்ச்சல் 102, வெயில் 39: குழந்தைக்கு வெப்பநிலையை எப்படிப் புரியவைப்பது?

கேள்வி: என் 6 வயது மகளுக்குக் காய்ச்சல் 102 என்று பேசிக்கொண்டிருந்தோம். அன்று தொலைக்காட்சியில் வெயில் 39 டிகிரி என்றார்கள். "அப்படியென்றால் வெயிலைவிட என் உடம்புதான் சூடா?" என்று கேட்டாள். இந்த வயதில் வெப்பநிலையை எப்படிக் கற்பிக்கலாம்?

பதில்: 102 பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 38.9 செல்சியஸ். ஆகவே அன்று உங்கள் மகளின் உடம்பும் வெளிக்காற்றும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் இருந்தன. காய்ச்சலை ஓர் அளவிலும் வெயிலை வேறோர் அளவிலும் சொல்லும் நம் வழக்கமே அவளைக் குழப்பியிருக்கிறது. மாற்றும் சூத்திரம் இப்போது வேண்டாம். ஒரே மேசையைச் சாணால் அளந்தால் ஓர் எண்ணும் விரற்கடையால் அளந்தால் வேறோர் எண்ணும் வருவதைக் காட்டுங்கள். (பனிக்கட்டி உருகும் நிலை ஒன்றில் 0, மற்றதில் 32 என்பதால் இந்த உவமை முழுமையானதன்று, ஆயினும் 6 வயதுக்கு இது போதும்.)

அதற்கு முன்பே, கருவி எதற்கு என்ற கேள்வி அவளுக்குள் எழ வேண்டும். மூன்று பாத்திரங்களில் ஐஸ் போட்ட நீர், குழாய் நீர், குளிக்கும் பதத்தில் வெதுவெதுப்பான நீர் ஆகியவற்றை வையுங்கள். ஒரு கையை ஐஸ் நீரிலும் மற்றதை வெதுவெதுப்பான நீரிலும் அரை நிமிடம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒன்றாகக் குழாய் நீரில் விடச் சொன்னால், ஒரு கைக்குச் சூடாகவும் மற்றக் கைக்குச் சில்லென்றும் இருக்கும். ஒரே நீரைப் பற்றி இரு கைகளும் இரு விதமாகச் சொல்வதைக் கண்ட குழந்தை, வெப்பமானியை ஆர்வத்தோடு கையில் எடுப்பாள்.

அளப்பதற்குச் சிவப்புத் திரவம் கொண்ட ஆல்கஹால் வெப்பமானியே ஏற்றது. உடைந்தால் நச்சு என்பதால் பாதரச வெப்பமானியைக் குழந்தையிடம் தரக்கூடாது. காய்ச்சல் பார்க்கும் கருவி ஏறத்தாழ 35 முதல் 42 செல்சியஸ் வரை மட்டுமே காட்டுவதால் குழாய் நீரை அளக்கவும் உதவாது. குமிழ் நீருக்குள் இருக்க, சிவப்புக் கோடு அசையாமல் நின்ற பிறகு, அதன் நுனிக்கு நேராகக் கண்ணை வைத்துப் படிக்க வேண்டும். பெரியவர்கள்கூட வெளியே எடுத்துப் படிக்கிறார்கள். அதற்குள் கோடு நகர்ந்துவிடுகிறது.

பிறகு, 30 டிகிரி உள்ள இரண்டு டம்ளர் நீரை ஒன்றாக ஊற்றினால் எத்தனை காட்டும் என்று கேளுங்கள். கூட்டல் கற்ற குழந்தைகளில் பலர் 60 என்பார்கள். திருத்தாமல் அளக்கச் சொல்லுங்கள். நீளத்தையும் எடையையும் கூட்டுவதுபோல் வெப்பநிலையைக் கூட்ட முடியாது என்பது விளக்கத்தால் எளிதில் பதிவதில்லை. எதிர்பார்த்த எண் வராதபோதுதான் பதிகிறது.

இரு அளவுகளும் அச்சிட்ட சுவர் வெப்பமானியை நிழலான இடத்தில் மாட்டி, காலையும் நண்பகலும் நாட்காட்டியில் குறித்துவரச் சொல்லலாம். வெயிலில் மாட்டினால் கருவியே சூடேறி, காற்றின் வெப்பநிலையைவிடக் கூடுதலாகக் காட்டும். அன்று அவள் கேட்ட 39 டிகிரியும், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் அளக்கப்பட்டதே.