விடுதி, ஆடை, ஊடகம், முதலீடு: இத்துறைகளின் தொழில்முனைவோரிடம் கற்க என்ன இருக்கிறது?

நான்குக்கும் பொதுவான சூத்திரம் கேட்கிறீர்கள். அப்படி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களின் பொன்மொழிகளை விட்டுவிட்டு, செய்ததைப் பாருங்கள்.

1919இல், பின்னாளில் ஹில்டன் ஹோட்டல்களை நிறுவிய கான்ராட் ஹில்டன், அமெரிக்காவில் டெக்சாஸின் சிஸ்கோவுக்குப் போனது வங்கி வாங்க. பேரம் முறிந்தது. இரவு தங்க நுழைந்த மோப்லி ஹோட்டலில் எண்ணெய் வயலுக்கு வந்தவர்களின் கூட்டம். ஒரே படுக்கையை எட்டு மணி நேரத்துக்கு ஒருவராக வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஹோட்டலையே வாங்கிவிட்டார். அதன் பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது: சாப்பாட்டுக் கூடத்தைத் தடுத்துப் படுக்கையறைகளாக்கினார், வரவேற்பு மேசையைக் குறுக்கி, மிஞ்சிய இடத்தில் சிறு கடை வைத்தார். சும்மா கிடந்த இடமெல்லாம் காசு பார்த்தது.

ஆடையில் சாரா பிளேக்லி. வெள்ளைக் கால்சட்டைக்குள் போட ஏற்ற உள்ளாடை கிடைக்காமல், நீள் காலுறையின் பாதத்தை வெட்டி அணிந்தார். அது காலில் சுருண்டு ஏறியது. அந்தச் சுருளலைத் தீர்க்கப் போய்ப் பிறந்ததுதான், 5,000 டாலர் சேமிப்பில் தொடங்கிய ஸ்பாங்ஸ் உள்ளாடை நிறுவனம்.

ஊடகத்தில் டெட் டர்னர், 1980இல் 24 மணி நேரமும் செய்தி தரும் சிஎன்என்னைத் தொடங்கினார்.

முதலீட்டில் வாரன் பஃபெட்டின் வெற்றியைவிடத் தவறே பயன்படும். 1964இல் பெர்க்‌ஷயர் என்ற துணி ஆலை நிறுவனத்தின் நிர்வாகம் அவரிடம் இருந்த பங்கு ஒன்றுக்கு 11.50 டாலர் தருவதாக வாயால் சொல்லி, கடிதத்தில் எட்டில் ஒரு டாலர் குறைத்தது. கோபத்தில் விற்காமல் மேலும் வாங்கி, மறு ஆண்டே நிறுவனத்தைக் கைப்பற்றினார். நலிந்த அந்தத் துணி ஆலையை 1985இல் மூட வேண்டியதாயிற்று.