வாசகர் கேள்வி பதில்: புல்டாக் குட்டி எடுக்கும் முன்

கேள்வி: எங்கள் இங்கிலீஷ் புல்டாக் பெட்டைக்கு இரண்டு வயது. கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) தரும் வம்சப் பேப்பர் இருக்கிறது. விழித்திருக்கும்போதும் குறட்டை போல மூச்சு சத்தம் வருகிறது. "புல்டாக் என்றால் அப்படித்தான்" என்கிறார்கள். மேட்டிங் விடலாமா?

பதில்: "அப்படித்தான்" என்று விட்டுவிட்டுத்தான் இந்த இனத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். தலைமுறை தலைமுறையாக மூக்கைக் குட்டையாக்கினார்கள். உள்ளே மெல்லண்ணமும் (வாயின் மேற்புறத்தில் பின்னாலுள்ள மென்மையான சதை) நாக்கும் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. காற்று போகும் வழியை அவை அடைக்கின்றன. பேப்பர் வம்சத்தைச் சொல்லும், மூச்சைச் சொல்லாது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் கென்னல் கிளப்பும் 2019-ல் கொண்டுவந்த மூச்சுத் தரச் சோதனை எளிமையானது. மருத்துவர் நாயின் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார். மூன்று நிமிடம் துள்ளுநடையில் ஓடவிட்டு மறுபடி கேட்பார். தரம் 0 முதல் 3 வரை; 0 நல்ல மூச்சு, 3 மிக மோசம். 0, 1 என்றால் குட்டி எடுக்கலாம். 2 என்றால் ஜோடி 0 அல்லது 1 ஆக இருக்க வேண்டும். 3 என்றால் வேண்டாம். மூச்சுக்காக மூக்குத் துளையிலோ அண்ணத்திலோ ஆபரேஷன் செய்த நாயிடமும் குட்டி எடுக்காதீர்கள். அறுவை அந்த நாய்க்கு உதவும், குட்டிக்குப் போகும் மரபை மாற்றாது. உடல் பருத்திருந்தால் முதலில் எடையைக் குறைத்துவிட்டுச் சோதியுங்கள்.

மூச்சில் தேறினால் இடுப்பு, முதுகெலும்பு எக்ஸ்ரே, இதயத்துக்கு எக்கோ (ஸ்கேன்) எடுங்கள். சிறுநீரில் யூரிக் அமிலக் கல் உண்டாக்கும் மரபணுக் குறைக்கு டிஎன்ஏ சோதனை இருக்கிறது. பெற்றோர் இருவரும் வெளியே தெரியாமல் அதைச் சுமந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் அந்தக் குறை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆண் நாய்க்கும் இவை எல்லாம் வேண்டும். ஸ்டட் (மேட்டிங்குக்கு விடும் ஆண் நாய்) உரிமையாளர் ரிப்போர்ட் காட்டத் தயங்கினால் வேறு நாய் பாருங்கள்.

கேள்வி: மேட்டிங் ஆன நாளிலிருந்து 60-ம் நாள் சிசேரியன் வைக்கலாமா?

பதில்: கூடாது. விந்தணு பெட்டையின் உடலில் ஐந்தாறு நாள் உயிரோடு இருக்கும். அதனால் மேட்டிங் நாள் கணக்குக்கு உதவாது. ஹீட் தொடங்கிய ஐந்தாறு நாளிலிருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அளவைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமை ஒட்டி வரும்போது கருமுட்டை வெளியாகிறது. அங்கிருந்து 63 நாள், ஒரு நாள் முன்பின். இரண்டு மூன்று நாள் முந்தினாலும் நுரையீரல் முதிராமல் குட்டிகள் இறக்கக்கூடும். அந்த நாள் நெருங்கும்போது புரோஜெஸ்டிரோன் 2 நானோகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் குட்டிகள் தயார். குட்டியின் தலையும் தோளும் அகலம், தாயின் இடுப்பெலும்பு வழி குறுகல். அதனால் புல்டாகில் பெரும்பாலும் சிசேரியன்தான். முதல் குட்டி வருமுன் பச்சைக் கசிவு கண்டால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள், அப்போதே மருத்துவரிடம் கிளம்புங்கள். மயக்கம் முழுவதும் தெளிந்து, தாய் தலை தூக்கும்வரை, மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட குழாயை எடுக்கக் கூடாது என்று மருத்துவரிடம் முன்பே பேசிவையுங்கள்.

கேள்வி: தாய் குட்டிகள்மேல் படுத்துவிடுகிறதே?

பதில்: முதல் இரண்டு வாரம் தாயைக் குட்டிகளோடு தனியாக விடாதீர்கள். குட்டிகளைத் தனிப் பெட்டியில், 30 டிகிரி சூட்டில் வைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பாலுக்கு விடுங்கள். முதல் நாள் சீம்பால் கட்டாயம். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். இரண்டாம் நாளுக்குப் பிறகும் எடை ஏறாத குட்டியை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.