கை ரெண்டு, பாத்திரம் இருபது

கே: எங்க நாடகக் குழுவுல ஒருத்தர் ஷேக்ஸ்பியரோட மக்பெத் நாடகத்தை ஒரே ஆளா பொம்மை வெச்சு பண்றேன்னு கிளம்பியிருக்காரு, பக்கத்துல செல்லோ, அதாவது வயலின் மாதிரியே பெரிய வாத்தியம், வாசிக்க ஒருத்தர் மட்டும். அத்தன பாத்திரத்தையும் எப்படிங்க சமாளிப்பாரு?

ப: சமாளிக்க மாட்டாரு, வெட்டித் தள்ளிருவாரு. கையில மாட்டுற பொம்மைன்னா ஒரு நேரத்துல ரெண்டு பேருக்கு மேல மேடையில நிக்க முடியாதே. இங்கிலாந்துல பஞ்ச் அண்ட் ஜூடின்னு ஒரு கைப்பொம்மை நாடகம் இந்தக் கணக்குல தான் ஓடுது, வலது கையில பஞ்ச், இடது கையில ஒவ்வொருத்தரா வந்து அடி வாங்கிட்டு போவாங்க. மக்பெத் இதுக்கு தோதான நாடகம் தான், ஷேக்ஸ்பியர் எழுதுன சோக நாடகங்கள்லயே அது தான் சின்னது, புருஷனும் பொண்டாட்டியும் ராத்திரியில கிசுகிசுக்கிற இடம் தான் அதோட உயிரு, ராஜா டங்கன் கொலை மூலத்துலயே திரைக்குப் பின்னாடி தான் நடக்குது. மாட்டிக்கிற இடம் விருந்து காட்சி. மக்பெத் ஆள் வெச்சு கொன்ன நண்பன் பாங்கோவோட ஆவி மக்பெத் கண்ணுக்கு மட்டும் தானே தெரியும், அதனால நானா இருந்தா அதுக்கு பொம்மையே செய்ய மாட்டேன், பொம்மைய கழட்டிட்டு வெறுங்கைய மெதுவா நாற்காலியில வெச்சிருவேன். சூனியக்காரிங்களுக்கும் பொம்மை வேணாம். மக்பெத்த ஆட்டி வைக்கிற ஆளு அவன் தலைக்கு மேலயே நிக்கிறாரே, அவரே சொல்லட்டும் நீ ராஜா ஆவேன்னு.

கே: ஒரே தொண்டையில எல்லா குரலும் வந்தா சிரிப்பா இருக்காதா?

ப: ஜப்பான்ல புன்ராகுன்னு ஒரு பொம்மலாட்டம், அங்க முக்கியமான பொம்மை ஒண்ண ஆட்ட மூணு பேரு, ஆனா கதை சொல்றவர் பெரும்பாலும் ஒருத்தர் தான், ராஜா, அழுவுற பொண்ணு, கொழந்த எல்லாமே அவரு குரல். யாரும் சிரிக்கறதில்ல. குரல மாத்துறதுல மெனக்கெடுறத விட பேசாத பொம்மைய அசையாம வெச்சிருக்கணும், அது தான் கஷ்டம். ரெண்டும் ஆடுச்சுன்னா யார் பேசறாங்கன்னே தெரியாது.

கே: செல்லோ ஆளுக்கு பதிலா ரெக்கார்ட் பண்ணி போட்டா செலவு மிச்சமில்லையா?

ப: மிச்சம் தான். ஆனா பொம்மைக்கு சட்டை சிக்கிக்கும், கைமாத்த நாலு செகண்ட் கூட ஆகும், ரெக்கார்ட் அதுபாட்டுக்கு ஓடிரும், ஆட்டுறவர் அது பின்னாடி ஓடணும். பக்கத்துல உக்காந்து வாசிக்கிறவர் அந்த நாலு செகண்டும் ஒரே சுரத்த இழுத்துக்கிட்டு இருப்பாரு, பாக்குறவங்க அத பயம்னு நெனச்சுப்பாங்க. கோட்டை கதவ தட்டுற சத்தத்துக்கு செல்லோவோட மரத்துல விரல் முட்டியால தட்டுனாலே போதும்.

கே: ஏழு வயசு பையன கூட்டிட்டு போலாமா, பொம்மை தானே?

ப: வேணாம். நடிகர் செத்தா மூச்சு விடுறது தெரியும். பொம்மை செத்தா கைய உருவிருவாங்க, அடுத்த நிமிஷம் அது வெறும் துணி.