அரசு ஆஸ்பத்திரி மாத்திரையும் பெயர் மறைத்த சோதனையும்

தரத்தைச் சோதித்து உறுதிசெய்யும் தொழில்நுட்பத்தால் அரசு சேவை உண்மையிலேயே மேம்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேம்படும். எனக்கு உடனே நினைவுக்கு வருவது, 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்.

அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்தை மாநிலம் முழுமைக்கும் சேர்த்து டெண்டர் விட்டு வாங்குவது இந்தக் கழகம்தான். மாவட்டக் கிடங்குக்கு வந்த சரக்கு நேரே வார்டுக்குப் போய்விடாது. பேட்ச் வாரியாக, அதாவது ஒரே தடவையில் தயாரான ஒவ்வொரு தொகுதியிலிருந்தும், மாதிரி எடுத்து, தயாரித்த கம்பெனியின் பெயரை மறைத்து, ஒரு குறியீடு மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். கையில் இருப்பது யாருடைய மாத்திரை என்று சோதிப்பவருக்கே தெரியாது. அப்புறம் சிபாரிசுக்கு ஏது வழி? என்னைக் கேட்டால், விலை உயர்ந்த எந்தக் கருவியையும்விட இந்தப் பெயர் மறைப்புதான் பெரிய விஷயம். சோதனையில் தேறிய பிறகே விநியோகம்.

எந்தக் கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது என்பது கணினி வழியே சென்னைக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. எடுத்த மருந்தின் மதிப்பு, அந்த மருத்துவமனைக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து அதில் கழியும். அதனால் வேண்டியதை மட்டும் பார்த்துக் கேட்பார்கள். பிற்பாடு கேரளம், ராஜஸ்தான் மாநிலங்களும் இதே மாதிரியில் கழகம் அமைத்தன.